மேல் மாடி கேட்காதீர்கள்: ஓர் இன்டர்ன்ஷிப்பின் 22 வாரங்கள்

கல்லூரியில் எனக்குக் கீழ் வகுப்பில் படிக்கிறவர்களில் வாரம் ஒருவராவது கேட்டுவிடுகிறார்கள்: "அக்கா, நீங்கள் இன்டர்ன்ஷிப் செய்த இடத்துக்கு நாங்களும் விண்ணப்பிக்கலாமா?" தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் மேல் மாடி கேட்காதீர்கள்.

நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. உதவித்தொகை பற்றி நான் சொல்லப்போவது அவர்களுக்கு இனிக்காது. என் சான்றிதழில் கையெழுத்துப் போட்டவர்களோடு மல்லுக்கு நிற்க எனக்கும் தெம்பில்லை. மேல் மாடியில் கட்டடக்கலையும் கீழ்த்தளத்தில் இன்டீரியரும் நடக்கும், முப்பது பேர் வேலை பார்க்கும் நடுத்தர அலுவலகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்சத்திரம் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை. பிரித்துக் கேட்டால் கீழ்த்தளத்துக்கு நாலரை, மேல் மாடிக்கு இரண்டு, கணக்குப் பிரிவுக்கு ஒன்று. அந்த ஒன்றும் அங்கே இருந்தவர் சிரித்த முகத்தோடு "அடுத்த வாரம்" என்று சொன்னதற்காக.

தேர்வு முறையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எனக்குப் பிடித்திருந்தது. இருபது பக்கத்துக்கு மிகாமல் உங்கள் படைப்புத் தொகுப்பை அனுப்பச் சொல்வார்கள். என்னை நேர்காணல் செய்த மூத்த வடிவமைப்பாளர், நான் இரண்டு இரவு கண்விழித்துச் செய்த முப்பரிமாணப் படங்களை எல்லாம் பஸ் ஜன்னலில் மரங்கள் ஓடுவதுபோல ஓட்டிவிட்டார். முதலாம் ஆண்டில் என் அறையையே அளந்து பென்சிலில் வரைந்த ஒரு பக்கத்தில் வந்து நின்றார். "இந்த அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?" என்று கேட்டார். உள்பக்கம் என்றேன். "அப்படித் திறந்தால் உன் கட்டிலில் இடிக்குமே?" இடிக்கத்தான் செய்கிறது என்றேன், வருடக்கணக்காக இடிக்கிறது. சிரித்தார். பிறகு ஒரு டேப்பையும் வெள்ளைத் தாளையும் கொடுத்து, நாங்கள் உட்கார்ந்திருந்த கூட்ட அறையை 20 நிமிடத்தில் அளந்து தரச் சொன்னார்.

சுவர், ஜன்னல், கதவு, சுவிட்ச் பலகையின் உயரம் என்று எல்லாம் எழுதிக் கொடுத்தேன். தாளைப் பார்த்தார், மேலே பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். கூரையின் குறுக்கே ஒரு பீம் போகிறது. முக்கால் அடி கீழே இறங்கி நிற்கிறது. நான் அதை எழுதவேயில்லை. தரையிலிருந்து கூரை வரை அலமாரி வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்த முக்கால் அடி அலமாரியின் தலையைக் கொய்துவிடும். அப்படியும் என்னை எடுத்துக்கொண்டார்கள். பின்னால் தெரிந்தது, அந்த அறையில் அந்த பீமை எழுதியவர்கள் மிகக் குறைவு.

முதல் நாள் எங்கள் ஆறு பேரையும் பிரித்தார்கள். நான்கு பேர் மாடிக்கு, இரண்டு பேர் கீழே. மாடி என்றால் கட்டடக்கலை: பெரிய ஜன்னல்கள், வெள்ளை மேஜைகள், கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டட மாதிரிகள். கீழ்த்தளம் என்றால் இன்டீரியர்: மரத்தூள் வாசனை, சாம்பிள் அட்டைகள், போனில் யாரோ யாரையோ கீல் எங்கே என்று கேட்கும் சத்தம். என்னைக் கீழே அனுப்பினார்கள். ஐந்து வருடம் கட்டடக்கலை படிப்பது திரைச்சீலைக்குத் துணி பார்க்கவா என்று அன்று மாலை வீட்டில் புலம்பியது நினைவிருக்கிறது. அந்த வாக்கியத்தில் இருந்த திமிருக்கு இப்போது கூசுகிறது. ஆனால் எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் இருக்கிற திமிர்தான் அது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு நடுத்தரக் கட்டடம் முதல் கோட்டிலிருந்து சாவி கொடுக்கும்வரை இரண்டு மூன்று வருடம் எடுக்கும். நீங்கள் அங்கே இருக்கப்போவது 22 வாரம். மாடியில் இருந்த என் தோழி ஒரு மருத்துவமனைக் கட்டடத்தில் வேலை பார்த்தாள் என்று சொல்லிக்கொள்ளலாம். அவள் பார்த்தது அதன் கதவு அட்டவணை. D1, D2, D2A என்று 140 கதவுகளுக்கு அகலம், உயரம், பூட்டு வகை, கண்ணாடி உண்டா இல்லையா என்று நிரப்பினாள். கழிப்பறை வரைபடங்கள் போட்டாள். அவள் விடைபெற்றபோது அந்த நிலத்தில் அஸ்திவாரக் குழி மட்டும் இருந்தது, அதிலும் மழைத்தண்ணீர். அவள் குறித்த கதவுகளில் எது தப்பு, எது சரி என்பது தெரிய வரும்போது அவள் வேறெங்கோ வேலைக்குச் சேர்ந்திருப்பாள். கீழ்த்தளத்தில் ஒரு வீட்டின் இன்டீரியர் நான்கு மாதத்தில் முடிந்துவிடும். அளவெடுக்கவும் நீங்கள் போகலாம், சாவி கொடுக்கும் நாளிலும் நீங்கள் இருக்கலாம். நடுவில் நீங்கள் செய்த தப்பு பிளைவுட்டில் முழு அளவில் உங்கள் முன்னால் வந்து நிற்கும். அதற்குத்தான் நாலரை நட்சத்திரம்.

முதல் இரண்டு வாரம் மட்டும் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டும். சாம்பிள் அறையை அடுக்கும் வேலை தருவார்கள். பலகை மேல் ஒட்டும் மெல்லிய தகட்டை, நாங்கள் லேமினேட் என்று எழுதுவதை, மர வேலை செய்கிறவர்கள் எல்லாரும் மைக்கா என்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் மைக்காவை இரண்டு பக்கமும் ஒட்டினால் 18 மில்லிமீட்டர் பலகை 20 ஆகிவிடும் என்பது புத்தகத்தில் படித்தால் அற்ப விஷயம். இருபது பலகை அடுத்தடுத்து வரும் அலமாரியில் அது நாலு சென்டிமீட்டர். அதற்குப் பிறகு வெட்டுப் பட்டியல் போடச் சொன்னார்கள். பிளைவுட் பலகை எட்டடிக்கு நாலடி, அதாவது 2440க்கு 1220. நான் 610 மில்லிமீட்டர் துண்டுகள் நான்கை 2440க்குள் அழகாக அடக்கிக் காட்டினேன். ரம்பத்துக்கும் தடிமன் உண்டு, ஒவ்வொரு வெட்டிலும் மூன்று நாலு மில்லிமீட்டர் தூளாகப் போய்விடும் என்று யாரும் சொல்லவில்லை. பட்டறையிலிருந்து போன் வந்தது: "மேடம், கடைசித் துண்டு சின்னப் பிள்ளையாக வருகிறதே!"

ஆறாவது வாரம் முதல்முறையாக ஒரு வீட்டுக்கு அளவெடுக்கப் போனேன். பூச்சு முடிந்து, தரை போட்டு, கதவு மாட்டாத வீடு. என்னோடு வந்தவர் பட்டறையின் மூத்த ஆசாரி. என்னைவிட முப்பது வயதாவது பெரியவர். அவர் என்னை மேடம் என்றார், நான் அவரை அண்ணா என்றேன். இரண்டு பேருக்குமே அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. நான் லேசர் அளவுமானியைச் சுவரில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தி, 3004 என்று எழுதிவிட்டு அடுத்த சுவருக்கு நகர்ந்தேன். அவர் நகரவில்லை.

"எந்த இடத்தில் எடுத்தீர்கள்?" என்று கேட்டார். இடுப்புயரத்தில் என்று காட்டினேன். "கீழே? மேலே?" மூன்று இடத்தில் எடுத்தோம். தரையருகில் 3012, இடுப்பில் 3004, மேலே 2996. என் கருவி பழுது என்றுதான் முதலில் நினைத்தேன். அவர் பையிலிருந்து தூக்குக்குண்டை எடுத்து மேலிருந்து தொங்கவிட்டார். நூல் மேலே சுவரைத் தொட்டது, கீழே விரல் நுழையும் இடைவெளி. சுவர் உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. "ஐந்து நூல்" என்றார்.

இந்த நூல் கணக்கை எந்த வகுப்பிலும் சொல்லித்தரவில்லை. ஓர் அங்குலத்தில் எட்டு நூல். ஒரு நூல் என்றால் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 3012இல் 2996ஐக் கழித்தால் 16. அவர் எதையும் கழிக்கவில்லை, கண்ணாலேயே ஐந்து நூல் என்றார். ஐந்து நூலை மில்லிமீட்டராக மாற்றினால் 15.9 வருகிறது. நான் செல்போனில் கணக்குப் போட்டு முடிக்கும்வரை அவர் பொறுமையாக நின்றார். பிறகு அறையின் குறுக்காக, மூலைக்கு மூலை இரண்டு அளவும் எடுக்கச் சொன்னார். அறை சதுரமாக இருந்தால் இரண்டும் ஒன்றாக வரவேண்டும். 28 மில்லிமீட்டர் வித்தியாசம். ஆக, நாங்கள் கணினியில் நேர்க்கோடுகளால் வரைந்து வைத்திருந்த செவ்வகம் அந்த வீட்டில் எங்கேயும் இல்லை. சுவரிலிருந்து சுவருக்கு அலமாரி வைக்கும்போது மிகச் சிறிய அளவைத்தான் எடுக்க வேண்டும், மிச்ச இடைவெளிக்கு ஓரப்பட்டியைச் சுவரின் வளைவுக்கு ஏற்றபடி சீவி ஒட்ட வேண்டும் என்பதை அன்றைக்குக் கற்றுக்கொண்டேன். ரசமட்டத்தின் குமிழியை எந்தப் பக்கமிருந்து பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்து. நான் அதையும் தப்பாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டின் சமையலறையைத்தான் என்னை நம்பிக் கொடுத்தார்கள். முழு வரைபடம், பெட்டி பெட்டியாக விவரம், வெட்டுப் பட்டியல், எல்லாம் நான். மேற்பார்வைக்கு நேர்காணல் செய்த அதே மூத்த வடிவமைப்பாளர். இரண்டு சுவர் ஒட்டி 'ட' வடிவத்தில் வரும் சாதாரணச் சமையலறை. எனக்குச் சமையலறை வரலாறு அத்துப்படி என்று வேறு நினைப்பு. இன்றைய சமையலறைகளுக்கு முன்னோடியான பிராங்க்ஃபர்ட் சமையலறை, 1926, வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி, 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர், பத்தாயிரத்தை ஒட்டிய வீடுகளில் அமைக்கப்பட்டது என்று தேர்வில் இரண்டரைப் பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

ஒரு சுவருக்கு ஒரு தாள் என்று முகப்பு வரைபடங்களைப் போட்டேன். முதல் தாளில் மூலையை ஒட்டி 600 மில்லிமீட்டர் அகலத்தில் மூன்று இழுப்பறைகள். அலமாரிப் பெட்டியின் இரண்டு பக்கப் பலகை போக உள் அகலம் 564. இழுப்பறை ஓடும் உலோகத் தடமான சேனலுக்குப் பக்கத்துக்கு 13 விட்டு, இழுப்பறை 538. ரம்பத்தின் தடிமன்கூட இந்தமுறை மறக்கவில்லை. இரண்டாம் தாளில் மூலையை ஒட்டி ஒரு கதவு, கைப்பிடி மூலைப் பக்கம். இரண்டு தாளும் தனித்தனியாக அவ்வளவு சுத்தம். வெள்ளிக்கிழமை சுவரில் குத்தி வைத்தபோது நிறுவனத் தலைவரே "நன்றாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெட்டிகள் வந்து இறங்கிய நாள் நானும் சைட்டில் இருந்தேன். எல்லாம் மாட்டி, கைப்பிடியும் திருகி முடித்தார்கள். ஆசாரி அண்ணன் துணியால் மூலை இழுப்பறையைத் துடைத்தார். திறக்கவில்லை. என்னைப் பார்த்து, "நீங்கள் வரைந்ததுதானே மேடம், முதலில் நீங்களே திறங்கள்" என்றார். இப்போது நினைத்தால், அவருக்கு முன்பே தெரியும்.

இழுத்தேன். நான்கு விரல் அளவு வந்தது. டக் என்று நின்றது. இன்னொருமுறை இழுத்தேன், அதே டக். பக்கத்துச் சுவர்க் கதவின் கைப்பிடி 35 மில்லிமீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, இழுப்பறையின் முகம் அதில் போய் முட்டி நின்றது. மூன்று இழுப்பறையும் அப்படித்தான். ஒரு கரண்டியைப் படுக்கவைத்து உள்ளே தள்ளலாம். எடுக்க முடியாது. மேலிருந்து பார்க்கும் தளவரைபடத்தில் நான் கைப்பிடிகளைப் போடவேயில்லை. முகப்புத் தாள்களில் போட்டிருந்தேன், ஆனால் அந்த இரண்டு சுவரும் இரண்டு வேறு தாள்களில் இருந்தன. அவை சந்திக்கும் மூலை எந்தத் தாளிலும் இல்லை. 'கதவு எந்தப் பக்கம் திறக்கிறது' என்று நேர்காணலில் கேட்ட கேள்வி அப்போது காதில் ஒலித்தது என்று எழுத ஆசைதான். உண்மையில் எனக்கு ஒலித்தது 'பத்தாயிரம் வீடுகள், முழு மதிப்பெண்' என்பது.

மூலையில் 50 மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒரு நிரப்புப் பட்டி விட்டிருந்தால் போதும். சமையலறை வேலை தெரிந்த எவருக்கும் தெரிந்த விஷயம் அது. எனக்குத் தெரியவில்லை. என் மேற்பார்வையாளருக்குத் தெரியும், ஆனால் அந்த வாரம் அவர் மூன்று வீடுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தார், என் தாள்களைக் கைப்பிடி அளவில் பார்க்கவில்லை. இதை அவரே வீட்டுக்காரரிடமும் தலைவரிடமும் சொன்னார், "நான் சரிபார்க்கத் தவறிவிட்டேன்" என்று. என் பெயரை எடுக்கவே இல்லை. வேலை கற்றுக்கொள்ள வந்த மாணவியின் தலையில் போட்டுவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் என்பது, மாடியில் அப்படி இரண்டுமுறை நடந்ததைக் கேள்விப்பட்டதால், எனக்குத் தெரியும்.

ஆனால் தனியாக அழைத்தபோது தலையைத் தடவிவிடவில்லை. திருத்த வேலைக்கான முழு விவரத்தையும் என்னையே எழுத வைத்தார். மூன்று இழுப்பறையும் மறுபடி செய்ய வேண்டும்: பெட்டி 550, உள் அகலம் 514, இழுப்பறை 488. மூன்று முகப்பலகைகள் புதிதாக. மைக்காவின் மர ரேகை ஒரே திசையில் ஓட வேண்டும் என்பதால் மீந்த துண்டுகளைத் திருப்பிப் போட்டு ஒப்பேற்ற முடியாது, முழுப் பலகை ஒன்று வேண்டும். ஆசாரிக்கு ஒன்றரை நாள், உதவியாளுக்கு ஒன்றரை நாள், வண்டி ஒருமுறை. கடைசி வரியில் கூட்டுத்தொகை. அந்தத் தொகை என் உதவித்தொகையில் எத்தனை மாதம் என்று நானாகவே வகுத்துப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. மேலே சமையல் மேடைக் கல் இன்னும் பதிக்காதது தெய்வாதீனம். பதித்திருந்தால் அந்தப் பட்டியல் அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கும்.

அன்றிலிருந்து தளவரைபடத்தில் எல்லாவற்றையும் திறந்த நிலையிலும் வரைகிறேன்: கதவு, இழுப்பறை, பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் மூடி, எல்லாம் புள்ளிக்கோட்டில். பார்க்க அசிங்கமாக இருக்கும். கல்லூரியில் போன மாதம் ஓர் ஆசிரியர் "ஏன் இத்தனை கோடு?" என்று மதிப்பெண் குறைத்தார். குறைக்கட்டும்.

தலைவரைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அவர் பெயருக்காகத்தான் அங்கே விண்ணப்பிக்கிறார்கள். 22 வாரத்தில் அவரை ஒன்பது முறை பார்த்தேன். அதில் இரண்டு லிஃப்டில். வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் வரைபடங்களைச் சுவரில் குத்தி வைக்க வேண்டும், அவர் வந்தால் நடந்துகொண்டே பார்ப்பார், சிவப்புப் பேனாவால் சுழிப்பார், காரணம் சொல்லமாட்டார். எதைச் சுழித்தார், ஏன் சுழித்தார் என்று மாடியில் ஒரு மணி நேரம் ஆராய்ச்சி நடக்கும். அவர் கண் கூர்மையானதுதான், மறுக்கவில்லை. படிக்கட்டின் கைப்பிடிச் சுவர் உயரத்தில் 50 மில்லிமீட்டர் குறைவதைப் பத்தடி தூரத்திலிருந்து பிடித்தார். ஆனால் "தலைமைக் கட்டடக் கலைஞரோடு நேரடியாகப் பணியாற்றும் வாய்ப்பு" என்று அறிவிப்பில் போடுவதற்கு லிஃப்ட் பயணங்களையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

நேரம்: காலை ஒன்பதரை என்பது உண்மை. மாலை ஆறரை என்பது நம்பிக்கை. கீழ்த்தளத்தில் சைட் நாட்களைத் தவிர ஏழு மணிக்குக் கிளம்பிவிடலாம். மாடியில் போட்டி வடிவமைப்பு ஏதாவது வந்தால் விடியும்வரை. என் தோழி ஒருமுறை மாதிரி செய்யும் நுரை அட்டைகளின் மேல் தூங்கிவிட்டு, கன்னத்தில் அட்டையின் பதிவோடு வீடு போனாள்.

இனி பணம். உதவித்தொகை உண்டு. போக்குவரத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சரியாகும், செல்போன் கட்டணத்துக்கு வீட்டில் கேட்க வேண்டும். தொகை குறைவு என்பதைச் சேரும்போதே சொன்னார்கள், அதனால் அதில் குறையில்லை. குறை தாமதத்தில். முதல் மாதத் தொகை மூன்றாம் மாதம் வந்தது. கடைசி இரண்டு மாதத் தொகை நான் சான்றிதழ் வாங்கி, கல்லூரி திரும்பி, ஐந்து மின்னஞ்சல் எழுதிய பிறகு வந்தது. பலகைக்கடைக்கு நேரத்துக்குப் போகும் பணம் மாணவர்களுக்கு மட்டும் வழியில் நின்றுவிடுகிறது. நாங்கள் சரக்கை நிறுத்த முடியாதல்லவா.

இதைச் சொன்னால் பெரியவர்கள் உடனே தோஷியின் கதையை எடுப்பார்கள். இந்தியக் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி 1951இல் பாரிஸில் உலகப் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் லெ கார்பூசியேவின் அலுவலகத்தில் சேர்ந்தபோது முதல் எட்டு மாதம் சம்பளம் கிடையாது, பிறகு 2018இல் கட்டடக்கலையின் மிக உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசே அவருக்குக் கிடைத்தது, ஆகவே நீங்களும் பொறுத்திருங்கள் என்று. சம்பளம் தராத எல்லாரும் லெ கார்பூசியே ஆகிவிட முடியாது என்பது அந்தக் கதையில் விட்டுப்போகும் பகுதி. அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1932இல் டாலியெசின் என்ற தன் இல்லத்தில் தொடங்கிய பயிற்சிக் குழுவில் சேர மாணவர்கள்தான் கட்டணம் கட்டினார்கள். கட்டிவிட்டு வரைபடம் போட்டார்கள், சமைத்தார்கள், வயல் வேலையும் பார்த்தார்கள். அந்த வழக்கத்தின் வால் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது. 2019இல் லண்டனில் செர்பென்டைன் காலரி என்ற கலைக்கூடத்தின் கோடைக்காலப் பந்தலை வடிவமைத்த அலுவலகம், வாரம் ஆறு நாள், காலை பதினொன்றிலிருந்து நள்ளிரவு வரை, சம்பளமில்லாமல், சொந்தக் கணினியோடு வரச் சொல்லி மாணவர்களுக்கு எழுதிய கடிதம் வெளியே வந்தது. பந்தல் வேலையில் ஈடுபடும் எல்லாருக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்று காலரி உத்தரவு போட வேண்டியதாயிற்று. பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர்களின் அரச நிறுவனமோ, தன் அங்கீகாரம் பெற்ற அலுவலகங்கள் பயிற்சி மாணவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியாவது தரவேண்டும் என்று 2011இலேயே நிபந்தனை வைத்துவிட்டது. நான் பயிற்சி எடுத்த இடம் இந்தப் பட்டியலின் மோசமான முனையில் இல்லை. கணினியும் உரிமம் பெற்ற மென்பொருளும் அவர்களே தந்தார்கள். அதைச் சொல்லாவிட்டால் அநியாயம்.

இன்னொரு விஷயத்தைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்: நீங்கள் போடும் வரைபடங்களை உங்கள் படைப்புத் தொகுப்பில் காட்டலாமா என்பது. நான் கேட்கவில்லை. கடைசி வாரம் கேட்டபோது, வீட்டுக்காரரின் பெயரும் முகவரியும் இல்லாமல் நான்கு தாள்கள் மட்டும் எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எந்த நான்கு என்று நானே தேர்ந்தெடுக்கலாம். சமையலறைத் தாள்கள் இரண்டை எடுத்தேன், திருத்தத்துக்கு முந்தையதும் பிந்தையதும். அவற்றை அடுத்தடுத்து வைத்திருக்கும் பக்கத்தைத்தான் அதன்பின் போன இரண்டு நேர்காணல்களிலும் நிறுத்திப் பார்த்தார்கள். சான்றிதழ் மட்டும் பொத்தாம்பொதுவாக இருந்தது. "ஆர்வத்துடனும் ஒழுக்கத்துடனும் பணியாற்றினார்" என்று ஒரே வாக்கியம், எங்கள் ஆறு பேருக்கும் அதே வாக்கியம். அளவெடுப்பு, பட்டறை, சைட் என்று செய்த வேலையை எழுதச் சொல்லிக் கேட்டால் எழுதித் தருகிறார்கள். கேட்டால் மட்டும்.

யாருக்கு இந்த இடம் ஒத்துவராது என்றால், கோபுரம் வரையும் கனவோடு வருகிறவர்களுக்கு. பட்டறைத் தூசி ஒவ்வாதவர்களும் யோசிக்கலாம், நான் மூன்று வாரம் இருமினேன். மற்றபடி, வெட்கப்படாமல் "தெரியாது" என்று சொல்ல முடியும் என்றால் கீழ்த்தளத்தில் எல்லாரும் சொல்லித்தருவார்கள். ஆசாரி அண்ணன் கூடுதலாகவே சொல்லித்தருவார். என் பழைய இழுப்பறைகள் மூன்றையும் அவர் தூக்கிப்போடவில்லை. இரண்டைச் சாம்பிள் அறையில் மைக்காத் துண்டுகள் போட வைத்திருக்கிறார். மூன்றாவதை என் மேஜைக்குக் கீழே சேனல் வைத்துப் பொருத்திவிட்டார். கிளம்பும்வரை என் டேப்பும் பென்சிலும் அதில்தான் கிடந்தன. அங்கே அது தங்குதடையில்லாமல் முழுதாகத் திறக்கும்.

இப்போது அந்த மேஜையில் வேறொரு மாணவர் உட்கார்ந்திருப்பார். அடுத்த குழுவுக்கான விண்ணப்பம் விரைவில் தொடங்கும் என்று கேள்வி. விருப்பம் என்ற கட்டத்தில் 'இன்டீரியர், சைட் வேலை' என்று தெளிவாக எழுதுங்கள், இல்லாவிட்டால் மாடியில்தான் விடுவார்கள். கூட்ட அறையில் டேப்பைக் கொடுத்தால் பீமை எழுதுங்கள். எல்லாரும் பீமை எழுத ஆரம்பித்தால் அவர்கள் அறையை மாற்றிவிடுவார்கள். அதனால் எந்த அறையாக இருந்தாலும் ஒருமுறை அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.